ஆறே முக்கால் பஸ்

கொல்லைமேடு, ஆம்பூர் வழி
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடுகள் எல்லோரும் சௌக்கியம். ஜார்க்கண்ட் மழையும் சப்பாத்தியும் உனக்கு ஒத்துக்கொண்டதா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் உங்கள் துறவு மடத்து மாஸ்டருக்கும் வணக்கம். பிரதர், எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறவி ஆவதற்கு முந்தின ஒரு வருஷம் போனே கிடையாது என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அம்மா உன் பழைய போனைத் துடைத்து அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காலேஜ் முடித்த பிறகு நான் இவ்வளவு நீளம் எழுதுவது இப்போதுதான், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

கழனி விஷயம் கேட்பாய். அப்பா போட்ட வேர்க்கடலை இந்தத் தடவையும் கருகிப்போனது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. "போதும்டா சாமி"ன்னு சொல்லி மண்வெட்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டார். நான் கிணற்றோரம் பத்து சென்ட் கேட்டு வாங்கிக் கீரை விதைத்தேன். அதில் நடந்த கூத்தைக் கேள்.

எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் நாற்பத்தாறு பெண்கள் வருகிறோம். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நம் ஊர் ஸ்டாப். கடைசி ஊர்க்காரி முனியம்மா வீட்டுக்குப் போய்ச்சேர ஏழரை ஆகிவிடும். மார்க்கெட்டுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. சரி, நானே கொண்டுபோகலாம் என்று விடிகாலையில் பன்னிரண்டு கட்டு சிறுகீரை அறுத்து, ஈரத்துணி சுற்றி, தையல் லைனில் என் மிஷினுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் போய்விட்டது. தலைகால் புரியவில்லை எனக்கு.

மறுநாள் நான் ஏறியதும் ஏறாததுமாக முனியம்மா பிடித்துக்கொண்டாள். "ஏ ஜாஸ்மினு, என் வீட்டுக்காரரு ஒரு வாய் வச்சிட்டு, இன்னாமே, கீரைய கடைஞ்சியா, செருப்ப கடைஞ்சியான்னு கேக்கறாரு!" பக்கத்து டேபிளில் சோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை முழுக்கக் கீரையில் இறங்கிவிட்டது அண்ணா. பஸ்ஸே சிரித்தது. டிரைவர் நவீத் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆனால் விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஜாஸ்மின்

---

நவதுறவியர் இல்லம், ஜார்க்கண்ட்
27 ஜூலை 2025

அன்புத் தங்கை ஜாஸ்மினுக்கு,

இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்தைப் படித்த மாஸ்டர் தன் அறையில் சத்தம் போட்டுச் சிரித்தது வராண்டா வரை கேட்டது. இங்கே அது மௌன நேரம். யாருக்கு வந்த கடிதம் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர் ஓசூர்ப் பக்கம் தக்காளி போட்ட குடும்பம். கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது, "உப்புத் தண்ணியில என்னென்ன கீரை வருதுன்னு தங்கச்சியக் கேட்டு எழுது" என்றார்.

இங்கே எனக்குத் தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். நீ சிரிப்பாய். வீட்டில் ஒரு நாள்கூட வாய்க்கால் திருப்பாதவன் இங்கே தினமும் இரண்டு மணி நேரம் கொத்துகிறேன். கை முழுக்கக் கொப்புளம்.

இல்லத்தின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு கடிதம் எழுதலாம். சாவு, பெரிய நோய் என்றால் மட்டும் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடலாம். தவக்காலம் நாற்பது நாளும் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வந்தாலும் ஈஸ்டர் வரை மாஸ்டரின் மேஜை டிராயரில் கிடக்கும்.

இன்னொன்று. வருகிற மே மாதம் துறவி ஆகும் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால், என் பெயரில் இருக்கும் சொத்தை யார் பொறுப்பில் விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பிறந்த வருஷம் அப்பா அந்த ஒன்றரை ஏக்கரை ஆண்பிள்ளை பெயரில் இருக்கட்டும் என்று என் பெயரிலேயே வாங்கினார் அல்லவா? அது ஒன்றுதான் என் சொத்து. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்த கீரை என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
ஜோசுவா

---

கொல்லைமேடு
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கும், அவனுக்கு முன்னால் படிக்கும் பிரதருக்கும்,

இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவு. ஆண்டவர் உன்னை நேராக மண்வெட்டியிடமே அனுப்பியிருக்கிறார் பார், அதற்கு ஒரு ஸ்தோத்திரம்.

பிரதர் கேட்டதற்குப் பதில். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பு எவ்வளவு என்று எழுதி வாங்கினேன். கெமிஸ்ட்ரி படித்தது இதற்காவது உதவட்டும். பிறகு பத்துப் பாத்தி கட்டிப் பத்து விதை போட்டேன். வெண்டை, அவரை, முள்ளங்கி, வெங்காயம், கொத்தமல்லி ஐந்தும் நுனி கருகிப் போயின. பசலையும் தண்டுக்கீரையும் சிறுகீரையும் நின்றன. பீட்ரூட்டும் கொத்தவரையும் எனக்கென்ன என்று வளர்கின்றன. மூலையில் ஒரு குட்டை வெட்டி மழைத் தண்ணீரைப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடுகிறேன். சொட்டு நீர்க் குழாய்தான், இலையில் படாது.

சொல்யூஷன் நாற்றத்துக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. இப்போது கீரை கம்பெனிக்கே வருவதில்லை. அம்மா மத்தியானம் அறுத்து, சாயங்காலம் ஸ்டாப்பில் கூடையோடு நிற்கிறாள். நான் இறங்குவேன், கீரை ஏறும். நவீத் அண்ணன் மூன்று நிமிஷம் நிறுத்துவார். "நாலாவது நிமிஷம் ஆச்சுன்னா என் வேலைக்குப் பேஜாரு"ன்னு தினமும் சொல்வார், தினமும் ஐந்து நிமிஷம் நிறுத்துவார்.

இதில் முக்கியமான சங்கதியை முனியம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். "உன் கீரை நல்லாத்தான் கீது. ஆனா எட்டு மணிக்கு நான் எங்கமே உக்காந்து ஆயறது? காலெல்லாம் கழண்டு போவுது." அன்றைக்கு எனக்குப் பொறி தட்டியது. எட்டு மணி நேரம் நின்று தைத்துவிட்டு வருகிறவளுக்குக் கீரைக்கட்டு இன்னொரு வேலை. அதனால் இப்போது ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, வாழை இலையில் சுற்றித் தருகிறோம். கொத்தவரங்காயைக் காம்பு கிள்ளி, நறுக்கியே தருகிறோம். அடுப்பில் போட வேண்டியதுதான் பாக்கி. இப்போது முப்பத்தொரு பேர் வாங்குகிறார்கள்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "கரும்பு போட்ட கழனிடி இது. கீரைய ஆய்ஞ்சி குடுக்கறதெல்லாம் ஒரு விவசாயமா? சமையல்காரி வேலை"ன்னு எழுந்து போய்விட்டார்.

போன வாரம் விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுக்க ஊரில் முகாம் போட்டார்கள். சிட்டா உன் பெயரில் இருக்கிறது. "விவசாயி யாரு?"ன்னு கணக்கு எழுத வந்த பெண் கேட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பையன். சாமியாரு ஆகப் போயிருக்கான்" என்றார். நான் கை முழுக்கச் சேறோடு பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் என் கையைப் பார்த்துவிட்டு, உன் பெயரை எழுதிக்கொண்டாள். அரசாங்கக் கணக்கில் நீதான் விவசாயி அண்ணா. வாழ்த்துகள்.

ஜாஸ்மின்

---

நவதுறவியர் இல்லம்
5 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே இரண்டு வாரமாகக் காய்ச்சல் ஒவ்வொருவராகப் பிடித்தது, அதனால்தான் தாமதம். எனக்கும் வந்து போனது, அம்மாவிடம் சொல்லாதே.

உன் பத்துப் பாத்திக் கணக்கைப் பார்த்து மாஸ்டர் இங்கேயும் பத்துப் பாத்தி கட்டச் சொல்லிவிட்டார். யாரால் என்று மற்ற பதினொரு பேருக்கும் தெரியும். உன்னைத் திட்டிக்கொண்டே கொத்துகிறார்கள்.

ஜாஸ்மின், ஒன்று சொல்ல வேண்டும். நீ முகாமைப் பற்றி எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் மிஷின், மாலையில் கழனி என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறாய். உன் வயதில் நான் அப்பாவிடம் சண்டை போட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

நம் தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் என்ன செய்கிறார்கள்?

அன்புடன்,
ஜோசுவா

---

கொல்லைமேடு
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் நான் கடிதம் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்தே "புள்ளைக்கு காய்ச்சலா?"ன்னு கேட்டுவிட்டாள். நேர்ந்துகொண்டிருக்கிறாள். நீ தப்பிக்க முடியாது.

தெருப் பிள்ளைகளைக் கேட்டாய். செந்தில்குமார் ட்ரோன் வாங்கி ஊர் ஊராக மருந்து அடிக்கிறான். சொந்தக் கொல்லையில் வெறும் புல்தான், ஆனால் காவேரிப்பாக்கம் வரைக்கும் நெல்லுக்கு அவன்தான் டாக்டர். ஹேமலதா காலையில் மூன்று மாடு கறந்துவிட்டு, கம்பெனியிலிருந்து வருகிற ஷூ மேல்தோலை வீட்டிலேயே கையால் தைக்கிறாள். மாடு சினையாக இருக்கும்போது தோல், தோல் வராதபோது பால். யாரும் கழனியை விடவில்லை அண்ணா, கழனியை மட்டும் நம்பவும் இல்லை. பெரியவர்கள் இதைப் பார்த்து, "புள்ளைங்க விவசாயத்த வுட்டுட்டுதுங்க"ன்னு டீக்கடையில் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழை நன்றாகப் பெய்தது, குட்டை நிரம்பிவிட்டது. இப்போது இரண்டாவது பஸ்ஸும் கேட்கிறது. முப்பது சென்ட் ஆக்கிவிட்டேன்.

நேற்று ஒரு வேடிக்கை. நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கொட்டகையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தால் அப்பா, மடியில் முறம், கொத்தவரங்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு, "சும்மாதான் குந்தினு இருந்தேன், உங்கம்மாவுக்கு கண்ணு தெரியல, காம்பெல்லாம் வுடறா" என்றார். நான் ஒன்றும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். உள்ளே போய் அம்மாவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக் கொடுப்பார்களா?

ஜாஸ்மின்

---

நவதுறவியர் இல்லம்
28 டிசம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். கேக் கொடுத்தார்கள், ஆளுக்கு இரண்டு துண்டு. அப்பா, அம்மா இருவரின் முகமும் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

அப்பா தனியாக ஒரு கடிதமும் பவர் பத்திரமும் அனுப்பியிருக்கிறார். சர்வீஸ் ரோட்டுப் பக்கம் குடோன் கட்ட ஒருவர் நம் கழனியைக் கேட்கிறாராம். நிலத்தை விற்கவோ யாருக்கும் எழுதிக்கொடுக்கவோ அப்பாவுக்கு நான் அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீ சாமிகிட்ட போய்ட்ட. அவ இன்னொரு வீட்டுக்குப் போவா. உப்புத் தண்ணி கழனிய வச்சிக்கினு நான் யாருக்குக் காவல் காக்கறது? அவ கல்யாணமாவது நல்லா நடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது.

உன்னைக் கேட்காமல் போட மனமில்லை. நீ என்ன நினைக்கிறாய்? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
ஜோசுவா

---

கொல்லைமேடு
21 ஜனவரி 2026, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். பொங்கல் நல்லபடி போனது. அம்மா சர்க்கரைப் பொங்கலை உன் போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்தாள். நீ இன்னும் உயிரோடுதான் இருக்கிறாய் என்று ஞாபகப்படுத்தினேன்.

பீட்ரூட் இந்தத் தடவை அருமை. நேற்று பத்து மணிக்குத் தண்ணீர் விடும்போது ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், சின்னப் பந்து அளவு இருக்கிறது. மூன்றாவது பஸ்ஸுக்கும் கொடுக்கிறோம். அது வேறு கம்பெனி பஸ், டிரைவர் நிறுத்த மாட்டேன் என்றார். நவீத் அண்ணன் பேசினார், "பாய், அதுங்க பசியோட போவுதுங்க"ன்னு. இப்போது நிறுத்துகிறார். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அவளுக்கென்று தனியாக வீட்டு மரத்து முருங்கைக்கீரை போகிறது.

முருங்கை நட்டிருக்கிறேன், இருபது கன்று. அடுத்த வருஷம் இலைக்கு ஆகும்.

கையெழுத்து பற்றிக் கேட்டாய். நிலம் உன் பெயரில் இருக்கிறது. உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜாஸ்மின்

---

நவதுறவியர் இல்லம்
8 பிப்ரவரி 2026

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. உனக்கு ஆட்சேபனை இல்லை என்று புரிந்துகொண்டேன். அதனால் இங்கே பதிவு செய்து, கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை நேற்று அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பத்திரம் தபாலில் போன பிறகு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் காட்டினார். "இது புதன்கிழமை எழுதினது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தண்ணி விட்டேன்னு இருக்கு. கம்பெனிக்குப் போற பொண்ணு பத்து மணிக்குக் கழனியில எப்படி இருப்பா? விக்கப்போற நிலத்துல யாராவது இருபது முருங்க நடுவாங்களா?" என்று கேட்டார். நான்தான் அண்ணன், அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

வேலை போய்விட்டதா ஜாஸ்மின்? பதினெட்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குள் பதில் போடு.

ஜோசுவா

---

கொல்லைமேடு
14 பிப்ரவரி 2026, சனி

அண்ணா,

எல்லோரும் நலம். அதோடு மரியாதை முடிந்தது.

"உன் இஷ்டம்" என்று ஒரு பெண் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவன் உலகத்துக்கு என்ன போதிக்கப் போகிறாய்? பிரதர், மன்னியுங்கள், இதை நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், வேலை போய்விட்டது. ஜனவரி ஐந்தாம் தேதி எங்கள் லைனையே நிறுத்தினார்கள். வெளிநாட்டு ஆர்டர் கம்மி. அன்றைக்குக் கடைசியாக அந்த பஸ்ஸில் வந்து இறங்கினேன். முனியம்மா வேறு லைன், அவள் தப்பித்தாள். என் தலையைத் தடவிவிட்டு, "நாளைக்கும் கீரை வருமில்ல?"ன்னு கேட்டாள். அவ்வளவுதான், அழுகை நின்றது. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. இதை உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் நீ பரிதாபப்படுவாய். பரிதாபப்பட்டு நிலத்தைக் கொடுத்தால் எனக்கு வேண்டாம்.

கேட்டு வாங்கவும் எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வரும் வாய், இதற்கு வரவில்லை. மகள் நிலம் கேட்டால் அப்பா சாவுக்குக் காத்திருக்கிறாள் என்பார்கள். இப்போது கேட்கிறேன். அந்தக் கழனி எனக்கு வேண்டும் அண்ணா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கழனியை விற்றுத்தான் நடக்கும் என்றால் வேண்டாம். எழுபத்தெட்டு வீட்டில் நான் அறுத்த கீரை வேகிறது. ஒன்றரை ஏக்கரில் எந்த மூலையில் எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியும், வாங்க வருகிறவருக்கு அது வெறும் சதுர அடி.

பங்குனி முடிந்ததும் அட்வான்ஸ் வாங்குவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குள் ஏதாவது செய். ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், பதினேழுக்குள் வந்துவிடும்.

ஜாஸ்மின்

---

கொல்லைமேடு
22 மார்ச் 2026, ஞாயிறு

அண்ணனுக்கு,

நலம். தவக்காலம் என்று தெரியும். ஆனால் பதினேழாம் தேதியே வந்துசேரும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். வந்தும் பதில் இல்லை என்றால் எனக்கு அதுவே பதில்.

பத்திரம் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. போன வாரம் வாங்குகிறவர் ஆள் வைத்து அளந்துவிட்டுப் போனார். முருங்கைக்கன்றில் ஒன்றை மிதித்துவிட்டார்கள். நான் அதை நிமிர்த்திக் குச்சி கட்டினேன். அம்மாதான் பேசினாள், அம்மா பேசி நீ கேட்டதே கிடையாது, ஊரே வெளியே வந்து பார்த்தது.

இன்றைக்குத் தண்டுக்கீரை விதைத்தேன். இருபத்தைந்து நாளில் அறுப்பு. நிலம் இருக்குமா என்று தெரியாது. விதைக்காமல் இருக்கவும் தெரியவில்லை.

ஜாஸ்மின்

---

நவதுறவியர் இல்லம்
5 ஏப்ரல் 2026, ஈஸ்டர்

என் தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இன்று காலைப் பூசைக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தன. முதல் கடிதம் பதினெட்டாம் தேதி காலை, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நாங்கள் கோயிலிலிருந்து வெளியே வரும்போது வந்திருக்கிறது. ஒரே ஒரு நாள். மாஸ்டர் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிட்டார். இன்று அவர் கண் கலங்கிச் சொன்னார்: "எல்லாரும் தவக்காலத்துக்கு எதையாவது விடுவாங்க. நான் உன் தங்கச்சி கடிதத்தைத்தான் விட்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதானே. அதுல இது இருக்கும்னு நினைக்கல."

மன்னித்துக்கொள் ஜாஸ்மின். நீ பரிதாபம் வேண்டாம் என்கிறாய். என்னிடம் இருப்பது பரிதாபம் இல்லை. அந்த நிலம் என் பெயரில் இருந்த இருபத்தாறு வருஷமும் நான் அதற்கு ஒன்றும் செய்ததில்லை. நீ பத்து சென்ட் கேட்டு வாங்கி ஒரே வருஷத்தில் அதற்கு உயிர் கொடுத்துவிட்டாய். அது உன்னுடையது. நீ கேட்டதால் இல்லை, நீ விதைத்ததால்.

மாஸ்டர் ஆபீஸ் போனைத் தானே எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். கழனி ஜாஸ்மினுக்கு என்று ஆரம்பித்தேன். "நீ தவத்தப் பாரு. பத்திரம் எங்கிட்ட கீது, நான் பாத்துக்கறேன்"னு வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை. பவரை ரத்து செய்ய நாளையே ஊருக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன், மாஸ்டர் சரி என்றார். டிக்கெட் இருபத்திரண்டாம் தேதிக்குத்தான் கிடைத்தது. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

உன் அண்ணன்,
ஜோசுவா

---

கொல்லைமேடு
19 ஏப்ரல் 2026, ஞாயிறு

மகன் ஜோசுவாவுக்கு அப்பா காசிநாதன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு அம்மா தினமும் செபமாலை சொல்கிறாள். இந்தக் கடிதம் உனக்கு முன்னால் மாஸ்டர் பார்ப்பார் என்று ஜாஸ்மின் சொன்னாள். அவருக்கு என் நமஸ்காரம். ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். நீ ரயில் ஏறுவதற்குள் வராவிட்டாலும் பரவாயில்லை, வந்து உன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போ. பவரை மட்டும் ரத்து பண்ணாதே. காரணம் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்குக் காய்ச்சல். ஜாஸ்மின் மற்ற இரண்டு பஸ்ஸுக்கு ரோட்டுப் பக்கம் போய்விட்டாள். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஆள் இல்லை. நான் போகமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊர் பார்க்கக் கீரைக்கூடையோடு நின்றேன். பஸ் வந்தது. எல்லா ஜன்னலிலும் கை. ஒன்றைக் கொடுத்தால் மூன்று பேர் கேட்கிறார்கள். முனியம்மா என்று ஒரு பெண், கருப்பாக, சத்தமாகப் பேசும். அது ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா ஐயா, இன்னிக்கி நீங்க ஆய்ஞ்சதா? காம்பு ஜாஸ்தியா கீதே" என்றது. எனக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு சரியா ஆயறேம்மா" என்று என் வாயே சொல்லிவிட்டது. அப்போது அது சொன்னது: "உங்க பொண்ணு கீரை வந்த நாள்லேந்து எம் பொண்ணு ரெண்டாந்தரம் சோறு கேக்குது."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். இருபது வருஷம் ஆலைக்குக் கரும்பு போட்டேன். இனிப்பாக இருந்தது என்று ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. லாரி வரும், ஏற்றுவான், போவான். அவ்வளவுதான். யார் வாயில் போயிற்று என்று எனக்குத் தெரியாது. இவளுக்கு எழுபத்தெட்டு வீடும் தெரிகிறது. எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள், எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, எல்லாம் தெரிகிறது. நான் அவளைச் சமையல்காரி என்றேன்.

வாங்குகிறவரிடம் மறுநாளே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஜாஸ்மினிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஈஸ்டர் அன்று நீ போனில் கூப்பிட்டபோது அவள் பக்கத்தில் கீரை அலசிக்கொண்டிருந்தாள், அதனால்தான் வைத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். படித்தேன். உன் சம்மதம் அதில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

நீ கொடுத்த பவரை வைத்தே ஒன்றரை ஏக்கரையும் அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுகிறேன். நாளை திங்கள்கிழமை ஆம்பூரில் பதிவு. அவளிடம் விதை வாங்கப் போகிறோம், ஆதார் கார்டு எடுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறேன். "விதைக்கு ஆதார் எதுக்குப்பா?"ன்னு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இப்பல்லாம் கேக்கறாங்க"ன்னு சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுகிறவரிடம் போயிருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே, பெயர் ஜாஸ்மின், தகப்பனார் காசிநாதன், வயது இருபத்து நான்கு என்று படித்தார். "தொழில் வீட்டு வேலைன்னு போட்டுடறேன், பொம்பளைங்களுக்கு அப்படித்தான் போடறது" என்றார். "மாத்துங்க" என்றேன். "கம்பெனியில வேலையா?" என்று கேட்டார். "இல்ல."

"பின்ன இன்னான்னு போடறது பெரியவரே?"

நான் சொன்னேன். அவர் அடித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் படிப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை நானே படித்துப் பார்த்தேன். தொழில்: விவசாயம்.

இப்படிக்கு,
காசிநாதன்